கம்பாசிட்டரின் கதையை மேடைக்குக் கொண்டுவருவது எப்படி

உழைத்துப் பிழைத்த ஓர் எழுத்தாளரின் சிறுகதைகளை நாடகமாக்க நினைக்கும் குழுக்கள், பெரும்பாலும் அவருடைய தொகுப்பில் எந்தக் கதை அதிகம் கண்ணீரை வரவழைக்கிறதோ அதையே முதலில் எடுத்துக்கொள்கின்றன. அவ்வாறு செய்ய வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். பசியும் கடனும் நோயும் யாருடைய கதையிலும் வரும். ஆனால் அச்சகத்தில் ஃபோர்மேன் எந்த முகத்தோடு உள்ளே நுழைந்தால் அன்றைக்கு அட்வான்ஸ் கேட்கலாம், எந்த முகத்தோடு நுழைந்தால் கேட்கக்கூடாது என்பது அந்த வேலையில் நாள் முழுவதும் நின்றவருக்கு மட்டுமே தெரியும். அந்த அறிவு எந்தக் கதையில் நிறைந்திருக்கிறதோ, அந்தக் கதைதான் மேடையில் நிற்கும்.

நம்மிடையே இதற்கு ஏற்ற எழுத்தாளர் விந்தன். 1916இல் பிறந்த அவர் அச்சுக்கோப்பவராக, அதாவது கம்பாசிட்டராக வேலை பார்த்து, பிறகு ‘கல்கி’யின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்று, 1954இல் ‘மனிதன்’ என்ற இதழைத் தாமே நடத்தியவர். பிறர் எழுதியதை எழுத்தெழுத்தாகக் கோத்த கைகளாலேயே தம் கதைகளையும் எழுதினார் என்பதை, அவரை மேடையேற்ற விரும்புகிறவர்கள் ஒரு கணமும் மறக்கக்கூடாது. அவரைப் போன்ற ஒருவரின் பல கதைகளை ஒரே மாலையில் எப்படி நிகழ்த்துவது என்ற கேள்விக்கு எனக்கு மிகவும் உதவிய முன்மாதிரி, இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் கிடைத்தது.

சிட் சாப்ளின் என்பவரும் 1916இல் பிறந்தவரே. டர்ஹாம் மாவட்டத்து நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்துகொண்டே எழுதத் தொடங்கியவர். அவருடைய முதல் கதைத் தொகுப்பு 1946இல் வெளிவந்தது. அவருடைய கதைகளை அடிப்படையாகக் கொண்டு ஆலன் பிளேட்டர் எழுதிய ‘குளோஸ் த கோல்ஹவுஸ் டோர்’ என்ற நாடகம் 1968இல் நியூகாசில் நகரின் பிளேஹவுஸ் அரங்கில் மேடையேறியது. பாடல்களை எழுதிய அலெக்ஸ் கிளாஸ்கோ, பக்கத்து ஊரான கேட்ஸ்ஹெட்டில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். பிளேட்டர் கதைகளை ஒன்றன்பின் ஒன்றாக நடித்துக் காட்டவில்லை. சுரங்கக் கிராமத்து வீடொன்றில் ஒரு முதிய தம்பதியின் ஐம்பதாவது திருமண நாளுக்கு உறவினர்கள் கூடுகிறார்கள். அந்த விருந்துக்கு வந்தவர்களே எழுந்து நின்று, 1831இல் தாமஸ் ஹெப்பர்ன் சுரங்கத் தொழிலாளர் சங்கம் கட்டிய காலம் தொடங்கி, 1926 வேலைநிறுத்தம், 1947இல் சுரங்கங்கள் நாட்டுடைமையானது என ஒவ்வொன்றையும் பாடியும் கேலி பேசியும் நடித்துக் காட்டுகிறார்கள்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது திருமண நாள் என்ற நிகழ்ச்சியை அல்ல. எல்லோரும் ஓரிடத்தில் கூடுவதற்கும், பழைய கதை பேசுவதற்கும், ஆளுக்கொரு வேடம் போட்டுக் காட்டுவதற்கும் இயல்பாகவே இடம்தரும் ஒரு நாளை அந்த மக்களின் வாழ்க்கைக்குள்ளிருந்தே எடுப்பது என்ற முறையைத்தான். அச்சகத்துக் கதைகளுக்கு அப்படிப்பட்ட நாள் ஆயுத பூஜை. அன்று காலால் மிதித்து இயக்கும் ட்ரெடில் அச்சு மிஷினைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். ஈய எழுத்துகளை அறை அறையாக வைத்திருக்கும் கேஸ்களின் மேல் பூச்சரம் தொங்கும். பொரி, கடலை, சுண்டல் பொட்டலங்கள் வரிசையாக இருக்கும். வழக்கமாக வேலை நேரத்தில் வாய் திறக்காத கம்பாசிட்டர்கள் மனைவி மக்களோடு வந்து தரையில் உட்கார்ந்திருப்பார்கள். முதலாளி போனஸ் கவரோடு வருவாரா, வெறும் வாழ்த்தோடு வருவாரா என்ற எதிர்பார்ப்பு அந்தக் கூடம் முழுவதும் நிறைந்திருக்கும். முதலாளி வருவதற்குத் தாமதமாகும் அந்த நேரம்தான் உங்கள் நாடகத்தின் நேரம். ஒரு கதையில் வரும் வேலையாளும் இன்னொரு கதையில் வரும் வேலையாளும் இப்போது பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பொரி தின்கிறார்கள். நான்கு கதைகளைக் கோக்க இதைவிட உறுதியான நூல் வேண்டியதில்லை.

கதைகளைத் தேர்ந்துகொண்ட பிறகு, நாடக வசனம் எழுத உடனே உட்கார வேண்டாம். குழுவினர் அனைவரும் வட்டமாக அமர்ந்து ஒவ்வொரு கதையையும் உரக்க வாசியுங்கள். இரண்டாம் முறை வாசிக்கும்போது, பாத்திரங்கள் பேசுவதை ஒரு நிறத்திலும், அவர்கள் செய்வதை இன்னொரு நிறத்திலும், கதை சொல்பவர் தாமாகச் சொல்வதை மூன்றாவது நிறத்திலும் கோடிடுங்கள். முதல் இரண்டும் எளிதாக மேடைக்கு வந்துவிடும். மூன்றாவதைத்தான் பலர் வெட்டி எறிகிறார்கள், அல்லது மொத்தமாகத் தூக்கி ஒலிபெருக்கிக் குரலில் போட்டுவிடுகிறார்கள். உழைப்பாளி எழுத்தாளரின் கோபம், கிண்டல், கணக்கு எல்லாம் அந்த மூன்றாவது நிறத்தில்தான் இருக்கின்றன என்பதால், அதை இழந்துவிட்டால் மிச்சமிருப்பது வெறும் சம்பவம். அதற்கு நம் கூத்து மரபிலேயே ஒரு வழி உண்டு. கட்டியங்காரன் கதைக்குள்ளும் நிற்பான், வெளியே வந்து சபையோரிடமும் பேசுவான், ராஜாவையே கேலி செய்வான். அந்தப் பொறுப்பை ஒருவரிடமே விட்டுவிடாமல், அந்தந்தக் காட்சியில் வேலை இல்லாத நடிகர் எழுந்து வந்து அந்த வரிகளைச் சொல்லும்படி பங்கிட்டுக் கொடுங்கள். சிரிப்பு வரும் இடங்களை ஒருபோதும் அடக்காதீர்கள். சிரித்துக்கொண்டே முதலாளியைப் பற்றிப் பேசுவது தொழிலாளிகள் நெடுங்காலமாகக் காத்துவந்த உரிமை.

இனி வேலையைப் பற்றி. இந்த இடத்தில்தான் அதிக நாட்களைச் செலவிட வேண்டும். அச்சுக்கோப்பவர், எழுத்துகளை வரியாகக் கோக்கும் சிறு தட்டான ஸ்டிக்கை இடது கையில் ஏந்தி, வலது கையால் கேஸின் அறைகளிலிருந்து ஈய எழுத்துகளைப் பார்க்காமலே எடுத்து, தலைகீழாக, இடமிருந்து வலமாக அடுக்குவார். கடைசியாக வைத்த எழுத்து சாயாமல் இடது கைக் கட்டைவிரல் தாங்கிக்கொண்டிருக்கும். எங்கள் குழு முதன்முதலில் அச்சகக் காட்சி ஒன்றை ஒத்திகை பார்த்தபோது, எங்கள் நடிகர் ஸ்டிக்கை வலது கையில் பிடித்திருந்தார். பார்க்க வந்திருந்த ஓய்வுபெற்ற கம்பாசிட்டர் ஒருவர், காட்சி முடியும்வரை ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, எழுந்து வந்து ஸ்டிக்கை வாங்கித் தம் இடது கையில் வைத்துக்கொண்டார். எழுத்தே இல்லாத வெற்று மேசையின் மேல் அவருடைய வலது கை ‘அம்மா’ என்ற சொல்லின் எழுத்துகள் இருக்கும் திசைகளுக்குத் தானாகவே போய்த் திரும்பியது. அந்தக் கட்டைவிரல் ஒவ்வொரு முறையும் அரை அங்குலம் நகர்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. அன்றே எழுதிவைத்திருந்த வசனத்தில் பாதியை நீக்கினோம். ஏனென்றால், அப்படிக் கை ஓடும்போது யாரும் நீண்ட வாக்கியம் பேசுவதில்லை. நான்கு சொல் பேசி, ஒரு வரியை முடித்து, வரிகளுக்கு இடையே வைக்கும் ஈயத் தகடான லெட் போட்டு, அடுத்த நான்கு சொல்லைப் பேசுகிறார்கள். வேலையின் தாளம் வசனத்தின் தாளமாக மாற வேண்டும்.

எனவே அந்தத் தொழிலைச் செய்த ஒருவரைத் தேடிப் பிடித்து, உரிய ஊதியம் கொடுத்து, குறைந்தது பத்து நாட்கள் ஒத்திகையில் உட்கார வையுங்கள். பொருள்களில் முழு அச்சகத்தையும் மேடையில் கட்டத் தேவையில்லை. சாய்வான ஒரு கேஸ் மேசை, இரண்டு ஸ்டிக், கோத்த வரிகளை வைக்கும் ‘கேலி’ என்ற தட்டு ஒன்று, பிழைதிருத்தும் புரூஃப் தாள்கள், இவை போதும். ஆனால் இருக்கும் பொருள் பொய்யாக இருக்கக்கூடாது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் நடக்கும் கதை என்றால், புரூஃப் தாளில் ‘லை’, ‘ணை’, ‘னை’ போன்றவை அந்தக் காலத்துத் தும்பிக்கை வடிவத்தில் இருக்க வேண்டும். முன்வரிசையில் அமரும் முதியவர்கள் அதைக் கட்டாயம் கவனிப்பார்கள். அச்சான பிறகு, கோத்து இறுக்கிய பக்கங்களின் தொகுதியான பாரத்தைப் பிரித்து எழுத்துகளை மீண்டும் அறைகளில் போடும் வேலையையும் விட்டுவிடாதீர்கள். தான் எழுதிய கதையைத் தானே கோத்து, மறுநாள் தானே பிரித்து அறையில் போடும் ஒருவரைச் சொல்லின்றி மேடையில் காட்ட முடிந்தால், அதற்கு இணையான காட்சியை வசனத்தால் உருவாக்க முடியாது.

பேச்சுமொழி அந்த ஊருடையதாகவே இருக்கட்டும். நியூகாசிலில் அந்த நாடகத்துக்குக் கூட்டம் கூடியதற்குக் காரணம், சுரங்கத் தொழிலாளி தன் வேலைக் கூட்டாளியை அழைக்கும் ‘மாரா’ என்ற சொல் மேடையிலிருந்தும் அதே ஒலியோடு கேட்டதுதான் என்று நான் நம்புகிறேன். சென்னைத் தொழிலாளியின் பேச்சை வெறும் சிரிப்புப் பொருளாகத் திரைப்படங்கள் பழக்கிவைத்திருக்கின்றன. அந்தப் பழக்கம் நடிகர்களின் நாக்கிலும் ஏறியிருக்கும் என்பதால், ‘இன்னா நைனா’ என்று இழுத்துப் பேசும் போலித்தனத்தை முதல் வாரத்திலேயே களைந்துவிடுங்கள். எழுத்தாளர் எழுதியிருக்கும் சொல்லை நடிகரின் வாய்க்கு எளிதென்று மாற்றாதீர்கள். நடிகரின் வாயை மாற்றுங்கள்.

காலம் கடந்த கதைகளாக இருந்தால், இன்று பார்ப்பவருக்குத் தேவையானதைச் சேர்ப்பதில் தவறில்லை. அந்தச் சுரங்க நாடகம் 2012இல் மீண்டும் மேடையேறியபோது, நாடக ஆசிரியர் லீ ஹால் புதிய பகுதிகளை எழுதிச் சேர்த்தார். 1968க்குப் பிறகு சுரங்கத் தொழிலாளர்களின் 1984–85 பெருவேலைநிறுத்தமும் சுரங்கங்கள் மூடப்பட்டதும் நடந்துவிட்டிருந்தன. நம் அச்சகக் கதைக்கும் அப்படித்தான்: ஈய எழுத்தைக் கணினி அகற்றிவிட்டது என்பதை அறிந்த பார்வையாளர்தான் இன்று எதிரே அமர்ந்திருக்கிறார். ஆனால் சேர்த்ததை ஆசிரியரின் பெயரில் ஏற்றாமல், அறிவிப்பிலும் துண்டறிக்கையிலும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உரிமை விஷயத்திலும் அதே நேர்மை வேண்டும். இந்தியாவில் ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கிறது. நாடகமாக்கும் உரிமையும் அதில் அடக்கம். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்துகளா என்பதைப் பார்த்துக்கொண்டு, இல்லையென்றால் வாரிசுகளிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்கிய பிறகே ஒத்திகையைத் தொடங்குங்கள்.

முதல் காட்சியை நகரத்துச் சபாவில் வைக்காதீர்கள். அந்தத் தொழிலைச் செய்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் நடந்தே வரக்கூடிய தொழிற்சங்கக் கூடமோ பள்ளி மைதானமோ போதும். சம்பளம் வாங்கிய வாரத்தின் சனிக்கிழமை மாலையாக இருந்தால் குடும்பத்தோடு வருவார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம், கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் இருப்பார்கள். காட்சி முடிந்ததும் நடிகர்கள் ஒப்பனையைக் கலைக்க ஓடாமல் மேடை விளிம்பில் உட்காரட்டும். யாராவது ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு இருந்து, “அந்த மாதிரி நாங்க செய்யமாட்டோம் தம்பி” என்று சொல்லப்படும் ஒவ்வொன்றையும் சொன்னவர் காட்டிய கையசைவோடு குறித்துக்கொள்ளட்டும். அடுத்த சனிக்கிழமைக்குள் அவற்றைத் திருத்திவிடுங்கள்.