எஸ்பிஎஸ் டைக்குள் வெப்பம் எப்படிப் பரவுகிறது: கணினி மாதிரி அமைக்கும் முறை

ஸ்பார்க் பிளாஸ்மா சிண்டரிங் (எஸ்பிஎஸ்) என்பது பொடியை டை என்னும் கிராஃபைட் உருளை அச்சுக்குள் போட்டு, மேலும் கீழும் பஞ்ச் என்னும் தண்டுகளால் அழுத்தி, மின்னோட்டத்தால் சூடாக்கி இறுக்கும் முறை. இதில் பைரோமீட்டர் (தொடாமலே வெப்பநிலையை அளக்கும் கருவி) பெரும்பாலும் பார்ப்பது டையின் வெளிப்பரப்பைத்தான். உள்ளே பொடி அதைவிடப் பல பத்து டிகிரி சூடாக இருக்கலாம். அந்த வித்தியாசத்தைக் கணிக்கத்தான் இந்த மாதிரி. கோம்சோல், அபாகஸ், அன்சிஸ் ஆகிய மென்பொருள்கள் எதிலும் செய்யலாம். காசு செலவில்லாமல் வேண்டுமென்றால் எல்மர் போதும்.

இங்கே எடுத்துக்கொள்வது 20 மி.மீ. விட்டமுள்ள அலுமினா வில்லை. டையின் வெளிவிட்டம் 50 மி.மீ., உயரம் 40 மி.மீ. பஞ்ச் ஒவ்வொன்றும் 30 மி.மீ. நீளம், வில்லையின் இறுதித் தடிமன் 5 மி.மீ. அப்படியானால் டைக்கு வெளியே ஒவ்வொரு பஞ்சும் 12.5 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். பஞ்சுக்கும் டைக்கும் இடையில் 0.2 மி.மீ. கிராஃபைட் தாள்.

எல்லாமே உருளை வடிவம் என்பதால் அச்சுச் சமச்சீருள்ள இருபரிமாண வரைபடம் போதும். ஸ்பேசர்களையும் (பஞ்சுக்கும் ராமுக்கும் நடுவிலுள்ள கிராஃபைட் வட்டுகள்) மேல், கீழ் ராம்களையும் (அழுத்தமும் மின்னோட்டமும் தரும், நீரால் குளிர்விக்கப்படும் தண்டுகள்) சேர்த்தே வரையுங்கள். டையையும் பஞ்சையும் மட்டும் வரைந்தால் வெப்பம் வெளியேறும் முக்கியப் பாதையே விடுபட்டுவிடும்.

மின்னோட்டச் சமன்பாட்டையும் வெப்பக் கடத்தல் சமன்பாட்டையும் ஜூல் வெப்பம் (மின்தடையில் மின்னோட்டம் உண்டாக்கும் வெப்பம்) வழியாக இணையுங்கள். கிராஃபைட்டின் மின்தடைமை, வெப்பக் கடத்துதிறன், தன்வெப்பம் மூன்றையும் வெப்பநிலையோடு மாறும் அட்டவணையாகக் கொடுப்பது கட்டாயம். தன்வெப்பம் அறை வெப்பநிலையில் கிலோவுக்கு 700 ஜூல் அளவில் தொடங்கி, 1500 °செ.-ஐ நெருங்கும்போது 2000 ஜூல் அளவுக்கு ஏறும். மாறிலியாகப் போட்டால் சூடேறும் வேகமே தப்பாகும்.

எல்லை நிபந்தனைகள் எளிது. அறை வெற்றிடம்; ஆகவே பக்கப்பரப்பில் கதிர்வீச்சு மட்டுமே, உமிழ்திறன் 0.8. டையின் பக்கப்பரப்பு 1200 °செ.-இல் இருந்தால் அது மட்டுமே சுமார் 1.3 கிலோவாட்டை இழக்கும். வெப்பம் காக்கும் கார்பன் ஃபெல்ட் சுற்றியிருந்தால் அதையும் வரையுங்கள். ராமின் நீர்க்குளிர்ச்சிக்கு, பல ஆய்வுகளில் வரும் வெப்பப் பரிமாற்றக் கெழு 880 வாட்/மீ²·கெ. நல்ல தொடக்கம்.

மின்னோட்டத்துக்கு ஆர்எம்எஸ் மதிப்பைக் (வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம்; வெப்பம் இதைப் பொறுத்தது) கொடுங்கள், சராசரியை அல்ல. 12:2 துடிப்பு முறையில் (12 பங்கு நேரம் மின்னோட்டம், 2 பங்கு இடைவெளி) அலை சரியான செவ்வகமாக இருந்தாலே, சராசரியைப் போட்டால் வெப்பம் 14% குறைவாக வரும். உண்மையான அலைவடிவில் பிழை இன்னும் கூடும். ஒவ்வொரு துடிப்பையும் தனியாகக் கணக்கிடத் தேவையில்லை, நேரம்தான் வீணாகும்.

மாதிரியை ஓடவிட்டதும், வெப்பநிலைப் படத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்ச் பகுதி மிகச் சூடாக, சிவந்து தெரிய வேண்டும். அலுமினா மின்சாரத்தைக் கடத்தாது. முழு மின்னோட்டமும் பஞ்சிலிருந்து டைச் சுவருக்கு மாறி, வில்லையைச் சுற்றிக்கொண்டு போகும். அந்த உயரத்தில் சுவரின் குறுக்குப்பரப்பு பஞ்சைப் போல 5.25 மடங்கு. ஆகவே ஒரே வெப்பநிலையில், ஓரலகு கன அளவுக்குப் பஞ்சில் உண்டாகும் வெப்பம் சுவரில் உண்டாவதைப் போல சுமார் 28 மடங்கு. பொடி சுருங்குவதற்கு முன் பஞ்ச் இன்னும் நீளமாக வெளியே நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனிதான் சிரமமான பகுதி: தொடர்பு மின்தடை. பஞ்சுக்கும் டைக்கும் நடுவிலுள்ள தாளின் மின்தடையைப் புத்தகத்திலிருந்து எடுக்க முடியாது. தாள், இடைவெளி, அழுத்தம் ஒவ்வொன்றோடும் அது மாறும். அளந்துதான் ஆக வேண்டும். முதலில் இணைப்பே இல்லாத ஒற்றைக் கிராஃபைட் தண்டில் மின்னழுத்தத்தை அளவிடுங்கள். அடுத்து அதை இரண்டாக வெட்டி நடுவே தாள் வைத்து அளவிடுங்கள்: கிடைமட்ட இணைப்பின் மதிப்பு வரும். கடைசியாக முழு அமைப்பை அலுமினா வில்லையோடு அளவிடுங்கள்.

எடுத்துக்காட்டாக, கிராஃபைட்டின் பங்கையும் கிடைமட்ட இணைப்புகளின் பங்கையும் கழித்தபின் 1000 ஆம்பியரில் 0.3 வோல்ட் மிஞ்சினால், அது 0.3 மில்லி ஓம். மேலும் கீழுமாக இரண்டு பக்க இணைப்புகள் தொடராக உள்ளன, ஒன்றுக்கு 0.15 மில்லி ஓம். ஒவ்வொன்றின் தொடுபரப்பு சுமார் 1100 மி.மீ.² என்பதால் பெருக்கினால் 165 மில்லி ஓம்·மி.மீ.² வரும். இது முதல் ஊகம்தான். மின்னோட்டம் தொடுபரப்பு முழுவதும் சீராகப் பாயாது. மாதிரியின் மின்னழுத்தம் அளந்ததோடு பொருந்தும்வரை மதிப்பைத் திருத்துங்கள். பல வெப்பநிலைகளில் செய்யுங்கள்: பஞ்ச் டையைவிடச் சூடாகி விரிந்து இறுக்குவதால் பக்க மின்தடை சூட்டோடு குறையும்.

தாளை 0.2 மி.மீ. தடிமனில் மெஷ் போடுவதைவிட (கணக்குக்காகச் சிறு கூறுகளாகப் பிரிப்பதைவிட), தடிமனில்லாத இடைமுகத் தடையாகக் கொடுப்பது மேல். வெப்பத் தொடர்புத் தடையை மின்தடை பொருந்தியபின்தான் தொடுங்கள், அதுவும் தெர்மோகப்பிள் (கம்பி வடிவ வெப்பநிலை உணரி) அளவைக் கொண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் திருத்தினால் தப்பான ஜோடிகூடச் சரியான விடை தரும்.

டையின் வெப்பநிலை பொருந்தியும் மின்னழுத்தம் பொருந்தாவிட்டால் மாதிரியை நம்பாதீர்கள். மேல் பஞ்ச் கீழ்ப் பஞ்சைவிடச் சூடாக அளவீட்டில் தெரிந்தால், டை நடுவில் நிற்காமல் கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மேலும் கீழும் ஒன்றே என்று பாதியை மட்டும் வரைந்த மாதிரியில் இது தெரியவே தெரியாது. அலுமினாவுக்குப் பதில் செம்புப் பொடி வைத்தால் மின்னோட்டம் வில்லை வழியாகவே பாயும். அப்போது பஞ்சுக்கும் வில்லைக்கும் நடுவிலுள்ள இணைப்பைத் தனியாக அளக்க வேண்டும்.