உள்ளே போன தண்ணீர்: ரீயூனியன் மலைப் பாதைகளுக்கு நீர் புகாத பூட்ஸ்

என் தங்கை மகன் காரைக்காலிலிருந்து, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் இந்த ரீயூனியன் தீவுக்குப் படிக்க வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வந்த வேகத்தில் புதிய பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு, நண்பர்களோடு பெலூவ் காட்டுக்குப் போய்வந்தான். மாலையில் வாசற்படியில் நின்று ஒரு பூட்ஸைக் கவிழ்த்தான். அரை டம்ளர் சேற்றுத் தண்ணீர் கொட்டியது.

“மாமா, நீர் புகாது என்று பெட்டியிலேயே போட்டிருந்ததே. ஏமாற்றிவிட்டார்களா?”

யாரும் ஏமாற்றவில்லை. கணுக்கால் உயர பூட்ஸைப் போட்டுக்கொண்டு முழங்கால் ஆழச் சேற்றில் இறங்கியிருக்கிறான். நீரை உள்ளே விடாத பூட்ஸ், மேல்வாய் வழியாக உள்ளே போய்விட்ட நீரை வெளியேயும் விடாது. குடம் மாதிரிதான். அன்று திண்ணையில் உட்கார்ந்து அவனுக்குச் சொன்னவற்றை, இங்கே புதிதாக மலையேறத் தொடங்குகிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன். நானும் செருப்புக் காலோடு இந்தத் தீவுக்கு வந்தவன்தான்.

படி 1: எங்கே நடக்கப் போகிறீர்கள்?

கடைக்குப் போகும் முன்பே இதை முடிவுசெய்துகொள்ளுங்கள். தீவு சிறியது, ஆனால் மழை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பெய்வதில்லை. கடற்காற்று நேராக வந்து மோதும் கிழக்குச் சரிவு ஓயாமல் நனையும். மேற்குக் கரை காய்ந்து கிடக்கும். 1966 ஜனவரியில் எரிமலைப் பக்கத்து ஃபோக்-ஃபோக் மேட்டில் 24 மணி நேரத்தில் 1825 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஒரு நாள் மழைக்கு உலக சாதனை அது. சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்வதே ஏறக்குறைய 1400 மில்லிமீட்டர்தான். புயல் நாளில் யாரும் மலைக்குப் போவதில்லை என்றாலும், அந்த மழையைக் குடித்துக் கிடக்கும் மண்ணில்தான் நாம் நடக்கிறோம்.

பெலூவ் காட்டில் த்ரூ த ஃபேர் அருவியைப் பார்க்கப் போகும் பாதை சேற்றுக்குப் பேர்போனது. சில இடங்களில் பலகை போட்டிருக்கிறார்கள். மற்ற இடங்களில் வேரும் சேறும்தான். அங்கே நிற்கும் மரங்களைத் ‘தமரின்’ என்கிறார்கள். புளியமரம் என்று நினைத்துக் காயைத் தேடாதீர்கள், அது வேலமரத்தின் இனம். எரிமலைப் பக்கம் போனால் சேறு இல்லை, ஆனால் ஆறிய எரிமலைக் குழம்பு உப்புத்தாள் போல பூட்ஸின் சோலைத் தேய்த்துவிடும். மஃபாத் பள்ளத்துக்குச் சாலையே கிடையாது. நடந்து போக வேண்டும், அல்லது ஹெலிகாப்டர். அங்கே நாள் முழுதும் ஏற்றமும் இறக்கமும்தான். 3070 மீட்டர் உயர பித்தோன் தே நேழ் உச்சியில் சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஈரத்தைவிடக் குளிர்தான் பெரிய எதிரி. ஈரக் காலும் குளிரும் சேர்ந்தால் நரகம்.

படி 2: எந்த வகை?

முழுத் தோல் பூட்ஸ்: கனமானது, விலை கூடுதல், காலுக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும். ஆனால் மெழுகு போட்டுப் பராமரித்தால் பல ஆண்டுகள் உழைக்கும். சோல் தேய்ந்தாலும் பல மாடல்களில் மாற்றிக்கொள்ளலாம். எரிமலைப் பாறைக்கும் மஃபாத்துக்கும் என் ஓட்டு இதற்குத்தான்.

சவ்வு வைத்த பூட்ஸ்: கோர்-டெக்ஸ் போன்ற பெயர்களில் வருவது. வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். அதன் துளைகள் நீர்த்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை. வியர்வை ஆவி வெளியேறும் அளவுக்குப் பெரியவை. கேட்க அற்புதமாக இருக்கும். ஆனால் ஆவி வெளியேற வேண்டுமானால் உள்ளே இருப்பதைவிட வெளியே ஈரமும் வெப்பமும் குறைவாக இருக்க வேண்டும். பிப்ரவரி மாதம் கடற்கரையோரப் புழுக்கத்தில் அந்த வித்தை பலிக்காது. மழையே இல்லாமல் வியர்வையில் கால் ஊறிப்போகும். மேட்டுக் குளிரில் நன்றாக வேலை செய்யும்.

அதனால் தாழ்வான, வெப்பமான பாதைகளுக்கு நீர் புகாத பூட்ஸ் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. வலைத்துணி ஷூ போதும். நனையும், ஆனால் நடக்க நடக்கவே காய்ந்துவிடும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

ரப்பர் பூட்ஸ்: முழங்கால் வரை வருவது. மலைப் பாதைக்கு ஆகாது; கணுக்காலுக்குப் பிடிமானம் இல்லை, இறக்கத்தில் கால் உள்ளே சறுக்கும். ஆனால் கரும்புக் கொல்லைக்கும், வீட்டுத் தோட்டத்துக்கும், மழை ஓய்ந்த பிறகு சாக்கடையோரம் சுத்தம் செய்யவும் இதை விட்டால் வேறில்லை. காரணம் எலிக் காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீரிலிருந்து, காலில் உள்ள சிறு கீறல் வழியாக அந்தக் கிருமி உடம்புக்குள் போய்விடும். மழைக்காலத்தில் இந்தத் தீவில் அது கூடுகிறது. சேற்றில் வெறுங்காலோடு நின்ற பிறகு ஓரிரு வாரத்தில் காய்ச்சலும் தசைவலியும் வந்தால், மருத்துவரிடம் சேற்றில் நின்றதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மருமகன் விடவில்லை. “நம் ஆட்கள் இங்கே தீமிதிக்கு வெறுங்காலோடு நெருப்பிலேயே இறங்குகிறார்கள். சேற்றுக்கு மட்டும் பூட்ஸா?” என்றான். நெருப்பில் எலி மூத்திரம் கிடையாது என்றேன்.

படி 3: கடையில்

மாலையில் போங்கள். பகல் முழுதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். மலையிலும் அப்படித்தான் வீங்கும். மலைக்குப் போட்டுக்கொள்ளப் போகும் காலுறையைக் கையோடு எடுத்துப் போங்கள். அது கம்பளியோ செயற்கை இழையோ ஆக இருக்கட்டும். பருத்தி வேண்டாம், ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது, கொப்புளம் போடும்.

இங்கே ஐரோப்பிய அளவுதான். ஊரில் 8 என்றால் இங்கே ஏறத்தாழ 42. ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் வித்தியாசம் முக்கால் சென்டிமீட்டர்கூட இல்லை, அதனால் எண்ணை நம்பாமல் காலை நம்புங்கள்.

முதலில் பூட்ஸின் உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். பாதம் ஓரங்களில் வழியக் கூடாது. முன்னால் பெருவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். பிறகு லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு கடையில் சாய்பலகை இருந்தால் அதில் இறங்குங்கள். இல்லாவிட்டால் படிக்கட்டில் இறங்குங்கள். விரல் நுனி முன்பக்கம் இடித்தால் அந்த ஜோடியைத் திருப்பி வைத்துவிடுங்கள். கடையில் லேசாக இடிப்பது, மஃபாத் இறக்கத்தில் நகத்தைக் கறுக்கடிக்கும். ஏறும்போது குதிகால் உள்ளே எழும்பினாலும் வேண்டாம்.

அடுத்து நாக்கைப் பாருங்கள். லேஸுக்குக் கீழே இருக்கும் அந்தத் துண்டு, இருபக்கமும் மடிப்புத் துணியால் பூட்ஸோடு தைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தையல் எந்த உயரம் வரை போகிறதோ அதுதான் உங்கள் பூட்ஸின் உண்மையான நீர்மட்டம். பெட்டியில் எதை எழுதியிருந்தாலும் அதற்கு மேல் தண்ணீர் வந்தால் கதை முடிந்தது. மருமகனின் பூட்ஸில் அந்த மடிப்பு பாதி உயரத்திலேயே நின்றுவிட்டிருந்தது.

சோலின் பற்கள் ஆழமாகவும், இடையில் நல்ல இடைவெளியோடும் இருக்கட்டும். நெருக்கமான பற்களில் சேறு அப்பிக்கொண்டால் அதன்பின் அது வழுக்கும் பலகைதான். விரல் பக்கத்தைச் சுற்றி ரப்பர் பட்டை ஓடுகிறதா என்றும் பாருங்கள். எரிமலைப் பாறை முதலில் கடிப்பது அந்த இடத்தைத்தான்.

படி 4: காலுக்குப் பழக்குதல்

வீட்டுக்குள் ஒரு வாரம், பிறகு சந்தைக்கு, பிறகு சின்ன நடை. தோல் பூட்ஸை நேராக மஃபாத்துக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு நான் அனுதாபம் மட்டும்தான் தர முடியும்.

படி 5: பாதையில்

மழை கால்சட்டை வழியாக வழிந்து பூட்ஸுக்குள் இறங்கும். அதனால் மழைக் கால்சட்டையைப் பூட்ஸின் வாய்க்கு வெளியே விடுங்கள், உள்ளே செருகாதீர்கள். முழங்காலுக்குக் கீழே மாட்டும் துணிக்கவசம் ஒன்று கடைகளில் கிடைக்கும்; பெலூவ் சேற்றுக்கு அது நல்ல முதலீடு. ஓடையைக் கடக்கக் கால் நனையத்தான் வேண்டும் என்றால், நிற்கும் அளவுக்கு ஆழமும் வேகமும் குறைவாக இருந்தால் மட்டும் இறங்குங்கள். நீர் கலங்கி ஏறிக்கொண்டிருந்தால் எந்த பூட்ஸும் உதவாது, கரையிலேயே நில்லுங்கள்.

பையில் ஒரு ஜோடி காய்ந்த காலுறை எப்போதும் இருக்கட்டும்.

படி 6: வீட்டுக்கு வந்ததும்

இதில்தான் பெரும்பாலான பூட்ஸ்கள் சாகின்றன. களைப்பில் வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறோம். செருப்பை வெளியே விடுவது நம் பழக்கம், அதை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் வெயிலும் சாரலும் படாத மூலையில் விடுங்கள்.

அன்றைக்கே செய்யுங்கள்: லேஸையும் இன்சோலையும் கழற்றுங்கள். மிருதுவான பிரஷால், வெறும் தண்ணீரில் சேற்றைத் தேயுங்கள். சோல் பற்களுக்கிடையே குச்சியால் நோண்டுங்கள். துணி சோப்புத் தூள் வேண்டாம். அதன் எச்சம் நீரை ஈர்க்கும். வாஷிங் மெஷின் பேச்சே வேண்டாம்.

பிறகு செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணியுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள், தாள் ஈரத்தில் கனத்திருக்கும். எடுத்துப் போட்டுவிட்டுப் புதிய தாள். படுக்கப் போகும் முன் இன்னொரு முறை. இப்படி மூன்று தடவை தாள் திணிப்பதுதான் முழுச் சூத்திரமும். காற்றோட்டமான நிழலில், அல்லது மின்விசிறிக்கு எதிரே வையுங்கள்.

எதையும் வெயிலில் போட்டுக் காயவைப்பதுதான் நமக்குத் தெரிந்த வழி. வற்றல், மிளகாய், பாய், தலையணை எல்லாம் அப்படித்தான். என் முதல் தோல் பூட்ஸையும் அப்படியே மொட்டைமாடித் தகரத்தில் வைத்தேன். மாலையில் எடுத்தபோது அப்பளமாக விறைத்திருந்தது. மடிப்பு விழும் இடத்தில் இரண்டு நீள வெடிப்பு. சோல் ஓரத்தில் பசை வாயைப் பிளந்திருந்தது. அடுப்பருகே வைத்தாலும் இதே கதிதான்.

படி 7: மெழுகும் ஸ்ப்ரேயும்

ஒரு சொட்டுத் தண்ணீரை பூட்ஸின் மேல் விடுங்கள். தாமரை இலையில் போல உருண்டு ஓடினால் ஒன்றும் செய்ய வேண்டாம். பரவி, அந்த இடம் கறுத்தால் நேரம் வந்துவிட்டது. சவ்வு பூட்ஸுக்கும் இது பொருந்தும். வெளித்துணி தண்ணீரைக் குடித்துவிட்டால் சவ்வு கிழியாமல் இருந்தும் ஆவி வெளியேற வழியில்லை. கால் நனைந்ததாகவே தோன்றும். பலர் பூட்ஸ் ஒழுகுகிறது என்று தூக்கிப்போடுவது இந்த நிலையில்தான்.

வழவழப்பான தோலுக்குத் தேன்மெழுகு கலந்த பூச்சு. விரல்நுனியில் கொஞ்சமாக எடுத்து, விரல் சூட்டிலேயே இளகவைத்துத் தேயுங்கள். தையல்களிலும் நாக்கு மடிப்பிலும் இன்னொரு தடவை. இரவு முழுதும் ஊறவிட்டுக் காலையில் துணியால் துடைத்தெடுங்கள். அதிகம் போட்டால் தோல் தொளதொளத்துவிடும். சொரசொரப்பான தோலுக்கும் துணிக்கும் மெழுகு வேண்டாம், நீர்க்காப்பு ஸ்ப்ரே. வீட்டுக்குள் அடிக்காதீர்கள், மூச்சுக்கு ஆகாது.

தோலில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்தால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்துக் காயவையுங்கள். கிழக்குக் கரை வீடுகளில் இது ஆண்டுதோறும் நடக்கும் திருவிழா.

படி 8: ஒழுகுகிறதா?

உள்ளே காய்ந்த தாளைத் திணித்து, நாக்கு மடிப்பின் மேல்விளிம்புக்குக் கீழேயே தண்ணீர் நிற்கும்படி பூட்ஸை ஒரு வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் வையுங்கள். எடுத்துத் தாளைப் பிரித்தால் எந்த இடம் நனைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். தையலோ சோல் ஓரமோ என்றால், காய்ந்த பிறகு ஷூ ஒட்டும் பசையால் அடைக்கலாம். ரப்பர் பூட்ஸில் துளை என்றால் சைக்கிள் பஞ்சர் பட்டையே போதும். பிவிசி பூட்ஸில் அது பிடிக்காது. அதற்கென்ற பசை வேண்டும். நடுச்சவ்வே கிழிந்திருந்தால் வைத்தியம் இல்லை.

படி 9: எடுத்து வைத்தல்

நான்கைந்து ஆண்டுகளுக்கு முன், பெட்டியில் பத்திரமாக மூடிவைத்திருந்த என் நல்ல ஜோடியைப் போட்டுக்கொண்டு மஃபாத்தில் லா நூவெல் ஊருக்கு இறங்கினேன். அதுவரை பத்துத் தடவைகூடப் போட்டிருக்க மாட்டேன், மேல்தோல் புதுசு மாதிரி இருந்தது. பாதி இறக்கத்தில் வலது காலின் சோல் அப்படியே கழன்று பாதையில் கிடந்தது. திரும்பிப் பார்த்தால் வந்த வழியெல்லாம் கறுப்புத் துகள், கேக் உதிர்ந்த மாதிரி. அரை மணி நேரத்தில் இடது சோலும் போனது. லேஸால் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தேன்.

மேல்தோலுக்கும் அடிச்சோலுக்கும் நடுவே இருக்கும் நடுச்சோல் பெரும்பாலும் பாலியூரிதேன் என்ற நுரைப் பிளாஸ்டிக்கால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் ஆண்டுக்கணக்கில் அதைச் சிதைக்கும். நடக்கும்போது அழுந்தி விரிந்துகொண்டிருக்கும் சோல், புழுக்கத்தில் பெட்டிக்குள் சும்மா கிடக்கும் சோலைவிட அதிக நாள் தாக்குப்பிடிக்கும் என்பார்கள் பூட்ஸ் பழுதுபார்ப்பவர்கள். எனக்கு நடந்தது அதற்குச் சாட்சி. ஆகவே நன்றாகக் காய்ந்த பிறகே வையுங்கள், பெட்டியிலோ பிளாஸ்டிக் பையிலோ வேண்டாம், திறந்த அலமாரியில் வையுங்கள். மாதம் ஒருமுறையாவது போட்டுக்கொண்டு கடைத்தெரு வரை நடந்துவிட்டு வாருங்கள்.

நெடுநாள் கழித்து எடுக்கிறீர்கள் என்றால், முதலில் கவிழ்த்துத் தரையில் இரண்டு தட்டு தட்டுங்கள். இங்கே விஷப்பாம்பு இல்லை, பூரான் உண்டு. பிறகு நடுச்சோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி மீண்டால் சரி. நகம் பதிந்து நின்றாலோ, மெல்லிய வெடிப்புகள் தெரிந்தாலோ, அந்த ஜோடி மலைக்கு வேண்டாம். மேல்பாகம் நன்றாக இருந்தால் புதிய சோல் போட்டுத் தருவார்களா என்று கேளுங்கள். மாற்றும் வரை தோட்டத்துக்குப் போட்டுக்கொள்ளலாம்.