பழைய அனலாக் மீட்டர் நலமா? திறக்காமலே சோதிக்கும் முறை

பழைய மல்டிமீட்டர் கையில் கிடைத்ததும் ஸ்க்ரூடிரைவரைத் தேடாதீர்கள். முள் அசையும் மீட்டர் வயதாவதால் மட்டும் சாவது அரிது. அதிக மின்னோட்டமும், உள்ளே புகும் இரும்புத்தூளும், அவசரப்பட்ட கைகளும்தான் அதைக் கொல்கின்றன. இங்கே அமெரிக்காவின் சிம்ப்சன் 260-ஐ எடுத்துக்கொள்கிறேன். 1930களின் கடைசியில் வந்த மாடல், இன்றும் நிறைய வேலை செய்கின்றன.

1. கண்ணால் பாருங்கள். மீட்டரைப் படுக்கவைத்து, முகப்பில் உள்ள சிறு திருகால் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துங்கள். பிறகு நிமிர்த்தியும் பக்கவாட்டில் சாய்த்தும் பாருங்கள். முள் கொஞ்சம் நகரலாம். நிறைய நகர்ந்தால் அதன் எடைச் சமநிலை கெட்டிருக்கிறது.

2. ஓம் மீட்டரால் (தடை அளக்கும் மீட்டர்) சோதிக்காதீர்கள். இதுதான் முக்கியம். 260-இன் முள் ஸ்கேலின் கடைசிவரை போக வெறும் 50 மைக்ரோஆம்பியர் போதும். இன்னொரு 260-இன் R×1 என்ற ஓம் ரேஞ்சோ 125 மில்லிஆம்பியர் வரை தள்ளும், அதாவது 2500 மடங்கு. முள்ளை அசைக்கும் கம்பிச் சுருளின் (coil, காயில்) முடியை விட மெல்லிய கம்பி அதைத் தாங்காது.

3. சின்ன மின்னோட்டம் கொடுங்கள். ஒரு 1.5 வோல்ட் பேட்டரி, ஒரு 100 கிலோஓம் ரெசிஸ்டர் போதும். 50 மைக்ரோஆம்பியர் ரேஞ்சில் வைத்து, அதற்குரிய துளையில் ரெசிஸ்டர் வழியாகப் பாசிட்டிவையும், காமன் துளையில் நெகட்டிவையும் கொடுங்கள். அந்த ரேஞ்சில் மீட்டரின் தடை 5 கிலோஓம். ஆகவே முள் 14, 15 மைக்ரோஆம்பியரை ஒட்டி நிற்க வேண்டும். நல்ல டிஜிட்டல் மீட்டரைத் தொடரில் சேர்த்தால் ஒப்பிட்டுக்கொள்ளலாம். முள் அசையவே இல்லையா? காயில் கம்பி அறுந்திருக்கலாம், உள்ளே வேறு ரெசிஸ்டரோ சுவிட்சோ போயிருக்கலாம். குறைவாகக் காட்டினால் காந்தம் பலம் இழந்திருக்கலாம்.

4. மெதுவாக ஏற்றி இறக்குங்கள். ரெசிஸ்டரை 27 கிலோஓமாக மாற்றி, அதோடு 1 மெகாஓம் பொட்டென்ஷியோமீட்டரை (திருப்பித் தடையை மாற்றும் ரெசிஸ்டர், சுருக்கமாகப் பொட்) தொடரில் சேருங்கள். பொட்டை முழுத் தடையில் வைத்துத் தொடங்கித் திருப்பினால், முள் கிட்டத்தட்ட ஸ்கேல் முழுக்கப் போய்வரும். எப்போதும் ஒரே இடத்தில் சிக்கினால் காயில் சுழலும் காந்த இடைவெளியில் தூசியோ இரும்புத்தூளோ இருக்கும். இடம் மாறி மாறித் தயங்கினால் முள்ளின் அச்சு முனையைத் தாங்கும் பேரிங்கைச் சந்தேகியுங்கள். எண்ணெய் மட்டும் விடவே கூடாது. அது தூசியைப் பிடித்துவைக்கும்.

சரி, முகப்பைத் துடைத்ததும் முள் தானாக எழும்பி நிற்கிறதா? பிளாஸ்டிக்கில் ஏறிய நிலைமின்சாரம் அது. பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் சில சொட்டு கலந்து, துணியை லேசாக நனைத்துத் துடைத்தால் போய்விடும்.

5. திறந்தே ஆக வேண்டுமென்றால் மேசையில் இரும்புத்தூள் இல்லாமல் துடைத்து, வெள்ளைத் தாள் விரியுங்கள். காயிலையும் காந்தத்தையும் பிரிக்காதீர்கள்: பழைய அல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த) காந்தம் அப்படிப் பிரித்தாலே பலம் குறையும்.

அப்புறம், அலமாரியில் வைக்கும்முன் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள்.