அறுவடைப் படம்: வயலில் செய்யக் கூடாதவை

இந்தத் தை மாதம் ராமநாதபுரம் மாவட்டம் திருவாடானைப் பக்கம் ஒரு வயலில், புதுக் கேமராவோடு வந்த இரண்டு தம்பிகள் அறுவடை இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார்கள். எனக்குப் பதறிவிட்டது. நானும் அதைச் செய்தவன். ஃபோகஸ், பேட்டரி சங்கதிகளை இங்கே விட்டுவிடுகிறேன். அவை எடுக்க எடுக்கத் தானாக வரும்.

படத்துக்காக வேலையை நிறுத்துவது

இங்கே பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. மழையை நம்பிப் புரட்டாசியில் நேரடியாக விதைத்து, தை, மாசியில் அறுக்கிறார்கள். வருடத்துக்கு ஒரே போகம். அறுவடை இயந்திரம் வெளியூரிலிருந்து மணிக்கணக்கு வாடகைக்கு வந்து, முறை வைத்து வயல் வயலாகப் போகும். பனி ஈரம் காய்ந்த பிறகுதான் வயலில் இறங்கும் என்பதால் பகலில் கிடைக்கும் நேரமே கொஞ்சம்.

நான் அப்படி நிறுத்திய வருடம், என் படத்தில் இயந்திரம் வருவது எனக்குப் பிடிக்கவில்லை. வயல்காரரின் மனைவியிடம், "அக்கா, இந்த ஓரத்தில் அரிவாளால் கொஞ்சம் அறுங்களேன்" என்றேன். மறுக்க மனமில்லாமல் இறங்கினார். முக்கால் மணி நேரம் இயந்திரம் சும்மா நின்றது. இருட்டுவதற்குள் கடைசி வயலை முடிக்க முடியவில்லை. மறுநாள் அடுத்தவர் முறை. அதற்கு மறுநாள் மழை. சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்து முளைவிட்டது. "பரவாயில்லை தம்பி" என்றார் அக்கா. அதை நினைத்தால் இன்றும் என்மேல் கோபம் வருகிறது. அந்தப் படமும் பொய். அந்த ஊரில் கையறுப்பு நின்று வெகுநாளாகியிருந்தது.

2021 ஜனவரி மழையில் இந்த மாவட்டத்தில் நெல்லும் மிளகாயும் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் ஒரு நிமிடம்கூட நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். நடப்பதை எடுங்கள். இயந்திரத்துக்குப் பின்னால் இறங்கும் கொக்குகள், ஒரு நெல்லைக் கடித்து ஈரம் பார்க்கும் வயல்காரர், எல்லாம் அங்கேயே இருக்கிறது.

மிளகாய்க் களத்தில் செருப்போடு ஏறுவது

கூடவே கூடாது.

பெயரை மாற்றி எழுதுவது

உருண்டையாக இருப்பது குண்டு மிளகாய், முண்டு என்றும் சொல்வார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது இதுதான். நீளமான சம்பா மிளகாய் வேறு. படக்குறிப்பு எழுதும் முன் களத்திலேயே கேட்டுவிடுங்கள்.

தூசியில் லென்ஸ் மாற்றுவது

வண்டிக்குள் போய் மாற்றுங்கள்.

படத்தைக் கொடுக்காமல் போவது

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது. பிரிண்ட் போட்டு, அடுத்த விதைப்புக்குள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.