கார் தொடுதிரை: ஓட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கொஞ்ச நாள் ஓட்டினால் தொடுதிரை பழகிவிடும்" என்று நம்புவதுதான் முதல் தவறு. ஏசிக்குத் திருகு இருந்தால் கண் சாலையிலேயே இருக்கும். கை தானாகப் போய்த் தடவிப் பிடித்துத் திருப்பிவிடும். தொடுதிரையில் தடவிப் பிடிக்க ஒன்றும் இல்லை. எத்தனை வருடம் பழகினாலும் விரல் எங்கே படுகிறது என்று கண்தான் பார்க்க வேண்டும். குண்டும் குழியுமான ரோட்டில் ஃபேனைக் குறைக்கப் போன விரல், பக்கத்தில் பட்டு வேறெதையோ திறந்துவிடும். அதை மூடித் திரும்பி வருவதற்குள் கார் எவ்வளவு தூரம் போயிருக்கும்? 80 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர்.

ஸ்வீடனின் வி பீலாகரே என்ற கார் பத்திரிகை 2022-இல் இதை அளந்தே பார்த்தது. ஓட்டுபவர்களுக்குக் காரைப் பழக முன்கூட்டியே நேரம் கொடுத்தார்கள். 110 கி.மீ. வேகத்தில் ஏசி, ரேடியோ போன்ற நான்கு வேலைகள். பட்டன்கள் உள்ள 2005-ஆம் ஆண்டு வால்வோ வி70-இல் 10 விநாடியில், 306 மீட்டரில் முடிந்தன. தொடுதிரை உள்ள புதிய கார்களில் அதிக நேரம் எடுத்ததற்கு 44.9 விநாடி, 1,372 மீட்டர் தேவைப்பட்டது. பழகிய பிறகும் இதுதான் நிலை.

வைப்பர், டீஃபாக்கர் (கண்ணாடியில் படியும் பனிமூட்டத்தை நீக்குவது) எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் வண்டியை எடுப்பது இன்னும் ஆபத்தானது. திடீர் மழையில் கண்ணாடி மங்கும்போது மெனுவுக்குள் தேட முடியாது. ஜெர்மனியில் ஒருவர் மழையில் டெஸ்லாவின் வைப்பர் வேகத்தைத் திரையில் மாற்றும்போது சாலையை விட்டு விலகி மரங்களில் மோதினார். 2020-இல் கார்ல்ஸ்ரூ உயர்நீதிமன்றம் 200 யூரோ அபராதத்தையும் ஒரு மாத ஓட்டத் தடையையும் உறுதிசெய்தது. கார் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது என்ற வாதம் எடுபடவில்லை. எனவே மேப், ஏசி, பாட்டு, திரையின் வெளிச்சம் எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே சரிசெய்யுங்கள். நடுவழியில் மாற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் ஓரங்கட்டுங்கள்.

வாங்கும்போது ஷோரூமில் நிற்கும் காரில் உட்கார்ந்து, திரையின் அளவைப் பார்த்து மயங்கிவிடுகிறோம். நிற்கும் காரில் எந்தத் திரையும் சுலபமாகத்தான் இருக்கும். டெஸ்ட் டிரைவுக்கு முடிந்தால் இருட்டிய பிறகு போங்கள். ஏசியைக் கூட்டவும் முன்கண்ணாடியைத் தெளிவாக்கவும் எத்தனை முறை தொட வேண்டியிருக்கிறது, ஸ்டீயரிங்கில் பாட்டின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கப் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். இண்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தனிப் பட்டனோ லீவரோ இருப்பதை 2026 முதல் ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் அமைப்பான யூரோ என்கேப் தன் மதிப்பீட்டில் கணக்கில் எடுக்கிறது. விற்பனையாளரிடம் இந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.