மறதிநோய் உள்ளவர்களோடு ஆய்வுக் கூட்டம் நடத்துவது எப்படி?

ஆய்வுக் கேள்வியை ஆய்வாளர்களாகிய நாமே முடிவுசெய்துவிட்டு, கடைசியில் படிவத்தைக் காட்டிக் கருத்துக் கேட்பது கூட்டுப் பணி ஆகாது. எதை ஆராய்வது என்று பேசத் தொடங்கும் நாளிலேயே மறதிநோய் (டிமென்ஷியா) உள்ளவர்களும் உடனிருக்க வேண்டும். அவர்களால் முடியுமா என்று இன்னும் தயங்கத் தேவையில்லை. 2002-இல் தொடங்கிய ஸ்காட்லாந்து டிமென்ஷியா செயற்குழுவில் உறுப்பினர்கள் எல்லாருமே இந்நோய் உள்ளவர்கள்தான்.

ஒருவரை மட்டும் அழைக்காதீர்கள். எல்லார் பார்வையும் அவர்மேலேயே இருக்கும், வாய் திறக்கத் தயங்குவார். இரண்டு மூன்று பேராவது வேண்டும்.

பேசப்போகும் விஷயத்தை ஒரே பக்கத்தில், 14 புள்ளிக்குக் குறையாத எழுத்தில் அச்சிட்டு ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். முந்தின நாளும் அன்று காலையும் தொலைபேசியில் நினைவூட்டுங்கள். எந்த நேரம் தோதாக இருக்கும் என்பதை அவர்களிடமே கேளுங்கள். கூட்டம் ஒரு மணி நேரம் போதும், நடுவில் ஓர் இடைவேளையோடு. அறை வாசலில் கறுப்பு மிதியடி கிடந்தால் எடுத்துவிடுங்கள். சிலருக்கு அது பள்ளமாகத் தெரியும், உள்ளே வராமல் நின்றுவிடுவார்கள்.

பெரும்பாலும் கோளாறு நேர்வது பேச்சில்தான். ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான். கேட்டபின் மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்த மௌனத்தைப் பொறுக்காமல் கூட வந்த மகனோ மனைவியோ பதில் சொல்லிவிடுவார்கள். "அவர் சொல்லட்டும், பிறகு உங்களிடமும் கேட்கிறேன்" என்று கனிவாகத் தடுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும். ஆளுக்கொரு வண்ண அட்டை கொடுங்கள். அதை உயர்த்தியவருக்கு உடனே பேச இடம் தர வேண்டும்: தன் முறை வரட்டும் என்று காத்திருந்தால் சொல்ல நினைத்தது நழுவிவிடும். "போன மாதம் என்ன சிரமம்?" என்று கேட்டால் அது நினைவாற்றல் சோதனை. கருத்துக் கேட்கும் பொருளையே கையில் கொடுத்து, "இதில் எது குழப்புகிறது?" என்று கேளுங்கள்.

முதல் நாள் வாங்கிய கையெழுத்து எல்லா நாளுக்கும் சம்மதமாகாது. ஒவ்வொரு முறையும் நோக்கத்தைச் சொல்லிப் புதிதாகக் கேளுங்கள். அமைதியிழந்தாலோ முகம் திருப்பினாலோ, எழுந்துபோக முயன்றாலோ அதோடு நிறுத்துங்கள். வாயால் மறுக்கட்டும் என்று காத்திருப்பது தவறு.

மற்ற ஆலோசகர்களுக்குத் தரும் அதே ஊதியம் இவர்களுக்கும் உண்டு. பயணச் செலவை அன்றே கொடுத்துவிடுங்கள். சில வாரங்களுக்குள், அவர்கள் சொன்னதில் எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று அரைப் பக்கத்தில் எழுதி அவர்கள் பெயருக்கே அனுப்புங்கள், குடும்பத்தார் பெயருக்கு அல்ல.