வளைகுடா வேலைக்குப் போகுமுன் போட வேண்டிய கணக்கு

அடைபடாத கடன், தங்கை கல்யாணம், பாதியில் நிற்கும் வீடு. வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிறவர்களின் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும். உங்கள் காரணம் எதுவானாலும் அது தீர எவ்வளவு பணம் வேண்டும் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே போகிற செலவையும் எழுதுங்கள். ஒன்றரை லட்சத்தை மூன்று வட்டிக்கு வாங்கி ஏஜென்டிடம் கொடுத்தால் மாத வட்டியே 4,500 ரூபாய். மாதம் 15,000 அனுப்பினாலும் அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வட்டிக்கே போய்விடும், அசல் அப்படியே நிற்கும். சம்பளம் தராத கம்பெனியை விட்டு ஊர் திரும்ப முடியாமல் பலரைக் கட்டிப்போடுவது இந்தக் கடன்தான்.

பதிவு பெற்ற ஏஜென்ட் சட்டப்படி வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும், ஆக 35,400. ரசீது கேட்டு வாங்குங்கள். அவருடைய பதிவு எண்ணை இந்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். ஊருக்குள் ஆள் பிடிக்கும் சப்-ஏஜென்டுக்கு உரிமம் கிடையாது.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக இசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும்) வகை. அதை வைத்து வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி தேவை. "விசிட் விசாவில் போங்க, அங்கே மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்த அனுமதியைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிப் போனால் ஒப்பந்தம் இங்கே பதிவாகாது. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் தரும் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் இருக்காது. இரண்டு ஆண்டுக்கு அதன் பிரீமியம் வெறும் 275 ரூபாய்.

ஒப்பந்தத்தில் மொத்தச் சம்பளத்தைப் பார்த்து மயங்காமல் அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்கள். அமீரகத்தில் ஓராண்டு முடித்தவருக்கு வேலையை விடும்போது பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு: முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குப் பிறகு 30 நாள். மொத்தம் 1,500 திர்ஹாம் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை 1,200 என்றால் ஐந்து ஆண்டில் 4,200 திர்ஹாம் கிடைக்கும். அதையே 600 என்று போட்டு மீதியை அலவன்ஸாகக் காட்டியிருந்தால் 2,100தான். அங்கே ஆஃபர் லெட்டரைத் தமிழிலும் கேட்டு வாங்கலாம். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சவுதியில் நீங்களாக ராஜினாமா செய்தால் இரண்டு ஆண்டுக்குள் பணிக்கொடை ஒன்றும் இல்லை. இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் என்றால் மூன்றில் ஒரு பங்கு. அங்கே குடும்பத்தோடு போக நினைப்பவர்கள், உடன் வரும் ஒவ்வொருவருக்கும் சவுதி அரசு வாங்கும் மாதக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 2017இல் 100 ரியாலில் தொடங்கிய அது 2020இல் 400 ஆனது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 1,200 ரியால். பல குடும்பங்கள் ஊர் திரும்ப அதுவும் ஒரு காரணம்.

திரும்பும்போது பணம் கணக்கில் ஏறும் முன் "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் கையெழுத்திடாதீர்கள். அமீரகத்தில் வேலை முடிந்த 14 நாளுக்குள் கம்பெனி கணக்கை முடித்தாக வேண்டும். வங்கிக் கடனையும் கிரெடிட் கார்டு பாக்கியையும் அடைத்து, அதற்கான கடிதத்தைக் கையில் வாங்கிய பிறகு டிக்கெட் போடுங்கள். பாக்கி வழக்காகிப் பயணத் தடை விழுந்திருந்தால் விமான நிலையத்திலேயே தடுத்துவிடுவார்கள்.